நாயோடு வாடகை வீடு: அக்ரிமென்டில் அந்த ஒரு வரியைப் பாருங்கள்

சென்னையில் நாயோ பூனையோ வைத்துக்கொண்டு வீடு தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தடுப்பது யார் என்பதை. அபார்ட்மென்ட் அசோசியேஷனா, ஹவுஸ் ஓனரா?

அசோசியேஷன் என்றால் தைரியமாகப் பேசலாம். இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை ஓட்டு போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினாலும் வளர்ப்புப் பிராணிக்குத் தடை போட முடியாது. லிஃப்டுக்குத் தனிக் காசும் கேட்கக் கூடாது. 2021இல் கேரள உயர் நீதிமன்றமும் இப்படித் தடை போடும் அசோசியேஷன் துணைவிதிகள் செல்லாது என்றது. வாய்ச்சண்டை வேண்டாம். வழிகாட்டுதலின் நகலை இணைத்துச் செயலாளரிடம் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஓனரிடம் இதெல்லாம் அவ்வளவாக எடுபடாது. "பிராணிகள் வளர்க்கக் கூடாது" என்ற வரி அக்ரிமென்டில் இருந்து, நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். "அது எல்லா அக்ரிமென்ட்லயும் இருக்கும் சார்" என்பார் புரோக்கர். நம்பாதீர்கள். அதை எடுத்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: "வாடகைதாரர் தடுப்பூசி போட்ட ஒரு நாயை வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார். அதனால் வரும் சேதத்தை வாடகைதாரர் சரிசெய்து தருவார்." நாய்க்காகக் கூடுதல் அட்வான்ஸ் கேட்டால், 2017 தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் வரம்பு பொதுவாக மூன்று மாத வாடகைதான் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கஷ்டம்.

—

சேதம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அட்வான்ஸில் பிடித்தம் பெரும்பாலும் வாசல் கதவுக்குத்தான் வரும். தனியாக விட்ட நாய் உள்பக்கம் முழங்கால் உயரத்தில் பிறாண்டி, பாலிஷ் போய் மரம் தெரியும். அந்த உயரம் வரை ஆக்ரிலிக் ஷீட் வையுங்கள். டேப்பால் ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும். மார்பிளில் மூத்திரக் கறைக்கு ஆசிட் ஊற்றவே கூடாது, கல்லை அரித்துவிடும். குடிபுகும் அன்றே கதவு, கொசுவலை, பால்கனி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு நிற்கும்.

—

மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் இல்லாமல் யாரிடமும் உரிமை பேச முடியாது. உண்மையான ஆபத்து ராத்திரிக் குரைப்பு. அக்கம்பக்கத்துக்குத் தொல்லை என்று நோட்டீஸ் வந்த பிறகும் தொடர்ந்தால், காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகலாம். நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் விடாதீர்கள்: நாயை எந்த அறைக்கு மாற்றினீர்கள், எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க" என்று ஓனர் சொன்னால், 1960 பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் பிராணியைக் கைவிடுவது குற்றம் என்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள்.