கலைச்சொல்: ஃப்ளைவீலுக்குத் ‘திகிரி’ பொருந்தும் என்று நினைக்கிறேன்

நண்பர்களே, வணக்கம்.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் காரின் கியர்பாக்ஸை வீட்டிலேயே இறக்கி, அதே சாமானைத்தான் மாற்றினேன். பெயர் தேடும் பொருளைக் கையில் ஏந்திப் பார்த்த பிறகு ஒரு சொல் மனத்தில் உறுதியாகிவிட்டது. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐயா எழுதியது:

> தம்பி, ‘பறப்புச் சக்கரம்’ என்று எழுதினால் ஆங்கிலப் பெயர் தெரிந்தவருக்கு உடனே விளங்கிவிடும். புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, எனக்கு உறுத்துவதே அதுதான். ஆங்கிலப் பெயர் தெரிந்தவருக்குத்தான் அது விளங்கும். தெரியாதவர் ‘பறப்பு’ என்பதைப் பிடித்துக்கொண்டு இறக்கையையும் விமானத்தையும் நினைப்பார். நான் கழற்றியது 12 கிலோ இரும்பு. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி கடைசி போல்ட்டைத் திருகும்போது, அது நழுவி மார்பில் விழுந்துவிடாமல் இடது உள்ளங்கையால் தாங்கிக்கொண்டே இருந்தேன். பறப்பதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்தச் சக்கரம் வரை போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சிலர் தனி மடலில் கேட்டிருந்தீர்கள். சொல்லைத் தேர்வதற்கும் அது உதவும்.

என்னுடையது முன்சக்கரங்களுக்கு விசை போகும் வண்டி. எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கும், கியர்பாக்ஸ் அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்தினேன். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் யாரும் போகக் கூடாது. அப்புறம் கியர் ஆயிலை வடித்து, டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் உருவி, ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் கேபிள்கள், கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் எல்லாவற்றையும் விலக்குவதற்குள் சனிக்கிழமை முடிந்துவிட்டது. கியர்பாக்ஸ் பக்கத்துத் தாங்கியான மவுண்டை எடுத்தால் எஞ்சின் அந்தப் பக்கம் சரிந்துவிடும். ஆகவே அதைத் தொடுவதற்கு முன்பே எஞ்சினை மேலே ஒரு சட்டத்தில் சங்கிலி போட்டுப் பிடித்து வைத்தேன்.

ஞாயிறு காலையில், கியர்பாக்ஸ் எஞ்சினோடு பொருந்தும் கூடான பெல் ஹவுசிங்கைச் சுற்றியுள்ள போல்ட்டுகள் எல்லாம் வந்த பிறகும் கியர்பாக்ஸ் அசையவில்லை. அதையும் எஞ்சினையும் நேர்க்கோட்டில் நிறுத்தும் குழல் ஆணிகள் துருவேறி இறுகியிருந்தன. தட்டைக் கம்பியை விளிம்பில் கொடுத்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நெம்பினேன். ஒரு விரற்கடை திறந்ததும் உள்ளேயிருந்து கிளட்ச் தூசியின் கருகல் வாடை வந்தது. அந்தத் தூசியை ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

நிதானம் மிகவும் வேண்டியது இந்தக் கட்டத்தில்தான். கியர்பாக்ஸ் 40 கிலோவுக்கு மேல் இருக்கும். எஞ்சினின் சுழற்சியை வாங்கும் அதன் தண்டான இன்புட் ஷாஃப்ட் இன்னும் கிளட்ச் பிளேட்டின் நடுவே செருகியிருக்கும். ஷாஃப்ட் முழுதாக வெளியே வருவதற்குள் பெட்டியைத் தொங்கவிட்டால் பாரமெல்லாம் பிளேட்டின்மேல் இறங்கி அதை வளைத்துவிடும். ஜாக்கின்மேல் பலகை வைத்துப் பெட்டியை ஏந்தி, நானும் என் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சாயாமல் நேராக விலக்கினோம். பிறகு, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தி எடுத்ததும், சக்கரம் முழுதாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

என் வண்டியில் இருப்பது ஒரே கட்டியான சக்கரம் இல்லை. எஞ்சின் பக்கம் ஒரு கூறு, கிளட்ச் பக்கம் ஒரு கூறு, இரண்டுக்கும் நடுவில் வில்லாக வளைந்த சுருள்வில்கள். எஞ்சினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் அந்த வில்கள் வாங்கிக்கொள்ளும். பழைய சக்கரத்தைப் பலகையில் கிடத்தி மேல் கூற்றைக் கையால் முறுக்கிப் பார்த்தேன். வில் நல்ல நிலையில் இருந்தால் கையை எதிர்த்துத் தள்ளும், விட்டதும் திரும்பி வரும். இதுவோ எதிர்ப்பே இல்லாமல் திரும்பி ‘டக்’கென்று நின்றது, கையை எடுத்தால் விட்ட இடத்திலேயே கிடந்தது. எஞ்சினை அணைக்கும்போதெல்லாம் மாதக்கணக்காகக் கேட்ட கடகடப்புக்குக் காரணம் அதுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒரே ஒருமுறைதான் தள்ளுகிறது. நான்கு சிலிண்டரும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 2 தள்ளல். நடுவில் அடுத்த சிலிண்டர் காற்றை அழுத்த வேண்டும், அதற்கும் விசை செலவாகும். தள்ளும்போது வாங்கி வைத்துக்கொண்டு, அழுத்தும்போது எடுத்துக் கொடுப்பதுதான் இந்தச் சக்கரத்தின் வேலை.

இதே வேலையைக் குயவரின் சக்கரம் எத்தனையோ காலமாகச் செய்து வந்திருக்கிறது. விளிம்பருகே உள்ள குழியில் கோலை ஊன்றி நாலைந்து முறை விசையாகச் சுழற்றுவார். கோலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மண்ணில் பதிப்பார். அதன்பிறகு சக்கரத்தைத் தள்ளுவார் யாரும் இல்லை. வாங்கி வைத்த சுழற்சியிலேயே பானை எழும்புகிறது. வேகம் தளர்ந்தால் மறுபடியும் கோல். சிலிண்டரின் தள்ளலை அந்தக் கோல் என்றும், காற்றின் எதிர்ப்பை மண்ணில் பதிந்த கை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் எஞ்சினில் நொடிக்கு ஏறத்தாழ 27 முறை கோல் விழுகிறது, அவ்வளவுதான். உருவமும் அப்படியே. குயவர் சக்கரத்தில் விளிம்பில் கனம் கூட்டுவது போலவே இதிலும் கனமெல்லாம் ஓரத்தில்தான் இருக்கிறது. மையத்திலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் வைத்த எடை, சுழற்சியைத் தேக்குவதில் நான்கு மடங்கு உதவும்.

அந்தச் சக்கரத்துக்குத் தமிழில் ‘திகிரி’ என்று பெயர் இருக்கிறது. புறநானூற்றின் 228ஆம் பாட்டில், இறந்த மன்னனுக்குத் தாழி செய்ய வேண்டிய குயவரைப் பார்த்து, இந்தப் பெரிய நிலத்தையே திகிரியாகவும் மலையையே மண்ணாகவும் கொண்டு வனைய உன்னால் ஆகுமா என்று புலவர் கேட்கிறார். வனையும் சக்கரம் என்ற பொருளில் அந்தச் சொல் அன்றே ஓடியிருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அதைப் பட்டறைக்குள் அழைத்து வருவதுதான்.

> ‘சமன் சக்கரம்’ நல்ல பெயர்தானே? ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வதுதானே அதன் வேலை?

நல்ல பெயர்தான், ஆனால் அதற்கு வேறு உரிமையாளர் இருக்கிறார். கைக்கடிகாரத்தில் முன்னும் பின்னுமாக ஆடி நேரத்தை அளக்கும் சின்னச் சக்கரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், அதற்கே விட்டுவைப்போம். காரிலும் வேறு இடங்களில் எடையைச் சமன் செய்கிறோம், குழப்பம்தான் வரும்.

> அண்ணா, ‘உந்தாழி’ எப்படி? உந்தம் + ஆழி.

தங்கையே, ஆழி என்றால் சக்கரம்தான், ஓசையும் மிக அழகு. முதல் இரண்டு நாள் நானும் இதன் பக்கம்தான் இருந்தேன். ஆனால் உந்துருளி, உந்துகணை என்று வழங்கும் சொற்களில் ‘உந்து’ என்றால் தானே தள்ளிக்கொண்டு போவது. இந்தச் சக்கரம் தானாக எதையும் தொடங்குவதில்லை. கொடுத்ததை வைத்திருந்து திருப்பித் தருகிறது. காலால் மிதிக்கும் தையல் மெஷினின் பெரிய சக்கரத்தைப் பாருங்கள். மிதி மேலேயோ கீழேயோ போய் நிற்கும் நொடியில் காலால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இடத்தைத் தாண்டி ஊசியைக் கொண்டுபோவது சக்கரம் முன்பே வாங்கிய சுழற்சி. திகிரி என்றால் அதற்கும் பொருந்தும்.

> திகிரிக்குத் தேர், மலை, மூங்கில் என்றெல்லாம் பொருள் இருக்கிறதே? படிப்பவருக்குப் புரியுமா?

அகராதியில் இருக்கிறது, உண்மை. ஆனால் இன்று மூங்கிலைத் திகிரி என்று யார் சொல்கிறார்கள்? பேச்சில் இடம் காலியாக இருக்கும் பழைய சொல் நமக்கு வசதிதான். சுட்டி என்றால் சுட்டிப்பிள்ளையும் உண்டு, மேசைமேல் நகர்த்தும் சுட்டியும் உண்டு, யாரும் தடுமாறவில்லை. புரியுமா என்பதற்கு வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘திகிரியைப் பூட்டும்போது பழைய போல்ட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம். அவை ஒருமுறை இழுபட்டுவிட்டால் மறுமுறை பிடிக்காது. புதியவற்றை எதிரெதிராக 60 நியூட்டன் மீட்டர் முறுக்கி, பிறகு ஒவ்வொன்றையும் 90 பாகை திருப்பவும். திகிரியின் துளைகள் சம இடைவெளியில் இல்லை. ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும்.’

இந்த அளவுகள் என் வண்டிக்கானவை, உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். வாக்கியம் எங்கும் தடுக்கவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். அதே இடத்தில் ‘பறப்புச் சக்கரத்தின் துளைகள்’, ‘பறப்புச் சக்கரப் பல்வளையம்’ என்று வைத்தால் நாக்கு களைத்துவிடுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் கவ்விச் சுழற்றும் அந்தப் பல்வரிசைக்குத் ‘திகிரிப் பல்வளையம்’ எளிதாக வருகிறது.

கிளட்சையும் கியர்பாக்ஸையும் ஏன் தமிழாக்கவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அவை வண்டி ஓட்டும் எல்லோர் வாயிலும் பழகிவிட்டன. பிடுங்கி நட்டால் வாடிவிடும் என்பது என் எண்ணம். ஃப்ளைவீல் அப்படி இல்லை. மெக்கானிக்குகள் ‘பிளைவீல்’ என்கிறார்கள், ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. முதல்முறை கேட்பவருக்குத் தமிழில் கேட்க வாய்ப்பிருக்கும்போது அதை நழுவவிடக் கூடாது என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

முடிவாகாத ஒன்று, வில் வைத்த வகைக்கு என்ன பெயர் என்பது. ‘இரட்டைத் திகிரி’ என்றால் இரண்டு தனித்தனிச் சக்கரம் என்று ஆகிவிடும். ‘இருநிறைத் திகிரி’ ஆங்கிலத்தின் ‘டூயல் மாஸ் ஃப்ளைவீல்’ என்பதற்கு நெருக்கம், ஆனால் நிறை என்றால் சிலருக்கு எடை, சிலருக்கு நிறைவு. ‘இருகூற்றுத் திகிரி’ என்றால் ஒன்றுதான், இரண்டு கூறாக இருக்கிறது என்பது சொல்லிலேயே தெரியும். பழைய வகையைக் ‘கட்டித் திகிரி’ என்று சொல்லிவிடலாம். நடுவில் உள்ள வில்லையும் பெயருக்குள் கொண்டுவர யாருக்காவது வழி தோன்றினால் எழுதுங்கள். ஐயாவின் கருத்தையும் தங்கையின் கருத்தையும் பார்த்துவிட்டு வரும் வாரம் சொற்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.