1958 பட்டம் யாருக்குச் சேர வேண்டியது: மாஸா, ஹாத்தார்னா?

மூன்றாம் கியர்:
நான்கு பந்தயம் வென்றவர் இரண்டாமிடம்; ஒன்றே ஒன்று வென்றவர் உலக சாம்பியன். 1958 ஃபார்முலா ஒன் பட்டத்தின் கதை இவ்வளவுதான். ஸ்டர்லிங் மாஸ் அர்ஜென்டினா, நெதர்லாந்து, போர்ச்சுகல், மொராக்கோ என நான்கு நாடுகளில் வென்று 41 புள்ளி எடுத்தார். மைக் ஹாத்தார்ன் பிரான்சின் ரீம்ஸில் மட்டும் வென்று 42 எடுத்தார். பிரிட்டனின் முதல் உலக சாம்பியன் என்ற பெயர் தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்தது என்பேன். இந்த மன்றத்தில் மறுப்பவர்கள் வரலாம்.

பழைய கார்பரேட்டர்:
வந்துவிட்டேன். பட்டம் ஒரு நாள் ஓட்டத்துக்குத் தருவதல்ல, ஆண்டு முழுவதற்கும் தருவது. ஹாத்தார்ன் ஐந்து முறை இரண்டாமிடம் பிடித்தார். உங்கள் மாஸ் பெல்ஜியத்தில் முதல் சுற்றிலேயே கியரைத் தவறவிட்டு எஞ்சினைக் கெடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதற்கும் விதியைப் பழிப்பீர்களா?

மூன்றாம் கியர்:
அது மாஸின் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொனாக்கோ, பிரிட்டனின் சில்வர்ஸ்டோன், ஜெர்மனி, இத்தாலியின் மோன்சா நான்கிலும் கார்தான் கைவிட்டது. போர்ட்டோவையும் மறந்துவிட்டீர்கள். ஆகஸ்ட் 24 போர்ச்சுகல் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ஹாத்தார்ன் சுழன்று நின்றார், எஞ்சின் அணைந்துவிட்டது. நடைபாதையில், பந்தயத் திசைக்கு எதிராக, இறக்கத்தில் காரை உருட்டி உயிர்கொடுத்தார். தகுதி நீக்கம் செய்யப் பார்த்தார்கள். அப்போது நடுவர்களிடம் சென்று, "அவர் ஓடுதளத்தில் அல்ல, நடைபாதையில்தான் இருந்தார்" என்று சாட்சி சொன்னது யார்? மாஸேதான்!

ஆல்ட்டோக்காரன்:
நான் புதியவன், ஒரு சந்தேகம். போட்டியாளருக்கு இவர் ஏன் சாட்சி சொல்ல வேண்டும்? சும்மா இருந்திருந்தால் பட்டம் கைக்கு வந்திருக்குமே?

கணக்குப்பிள்ளை:
வந்திருக்கும் தம்பி. அந்த ஆண்டு விதி: முதல் ஐந்து இடங்களுக்கு 8, 6, 4, 3, 2, வேகமான சுற்றுக்கு 1, சிறந்த ஆறு முடிவுகள் மட்டுமே கணக்கில் சேரும். போர்ட்டோவில் ஹாத்தார்னுக்குக் கிடைத்தது 7. அதை நீக்கினால், கணக்கில் சேராத முடிவுகளில் சிறந்ததான 4 உள்ளே வரும்; அப்போது அவருக்கு 39தான், மாஸுக்கு 41.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதே பந்தயத்தில் ஹாத்தார்ன் வேகமான சுற்றை அடித்துவிட்டார் என்று மாஸின் வான்வால் அணி பலகை காட்டியது. பலகையில் இருந்தது REC, அதாவது சாதனை (record) என்பதன் சுருக்கம். மாஸ் அதை REG (regular) என்று படித்துவிட்டு, ஹாத்தார்ன் வழக்கம்போல ஓட்டுகிறார் போலும் என்று மிதமாகவே போனார். சரியாகப் படித்து அந்த ஒரு புள்ளியைப் பறித்திருந்தால் மாஸ் 42, ஹாத்தார்ன் 41. ஓர் எழுத்து இடம் மாறியதில் பட்டமே இடம் மாறியது.

பழைய கார்பரேட்டர்:
கணக்கு அருமை. ஆனால் வேகமான சுற்றுகளை ஐந்து முறை அடித்தவர் ஹாத்தார்ன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சொல்கிறேன். அந்தப் புள்ளிகளை எல்லாம் கழித்துவிட்டு, சிறந்த ஆறு முடிவுகளை மறுபடி கூட்டினால் இருவருக்கும் சரியாக 38. எனவே பட்டத்தைத் தீர்மானித்தது வெற்றியும் அல்ல, இரண்டாமிடமும் அல்ல. வேகமான சுற்றுக்கான அந்தச் சில்லறைப் புள்ளிதான்.

மூன்றாம் கியர்:
மொராக்கோவின் காசாபிளாங்காவையும் சேருங்கள். அக்டோபர் 19, கடைசிப் பந்தயம். மாஸ் வெல்ல வேண்டும், வேகமான சுற்றும் வேண்டும், ஹாத்தார்ன் மூன்றாவதாகவோ அதற்குப் பின்னாலோ வர வேண்டும். தன் கையில் இருந்த இரண்டையும் மாஸ் செய்து முடித்தார். முன்னால் ஓடிக்கொண்டிருந்த அணித் தோழர் ஃபில் ஹில்லை வழிவிடச் சொல்லி ஹாத்தார்னை இரண்டாவதாக்கியது அவருடைய ஃபெராரி அணி.

பழைய கார்பரேட்டர்:
அணி என்றால் அப்படித்தான். மாஸுக்கு யார் தடை போட்டார்கள்? ஃபெராரி மீது கோபம், பிரிட்டிஷ் கார்தான் ஓட்டுவேன் என்ற பிடிவாதம். கூடவே ராப் வாக்கரின் தனியார் அணி. தானே தேர்ந்தெடுத்த பாதை அது. இன்னொன்றும் சொல்கிறேன். ஹாத்தார்ன் வென்ற ரீம்ஸ் பந்தயத்தில்தான் அவருடைய அணித் தோழர் லூய்ஜி முஸ்ஸோ இறந்தார். ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங்கில் உயிர்நண்பர் பீட்டர் காலின்ஸ், இவர் கண்ணெதிரே தடம் விலகி மாண்டார். அந்த மனநிலையோடு மீதிப் பந்தயங்களை ஓட்டி முடித்தவரை "ஒன்றே ஒன்று வென்றவர்" என்று எண்ணிக்கையால் அடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் கியர்:
அந்த வார்த்தை கடுமைதான், திரும்பப் பெறுகிறேன். பிடிவாதம் பற்றிய குற்றச்சாட்டை மட்டும் ஏற்கமாட்டேன். அந்தப் பிடிவாதம்தான் அர்ஜென்டினாவைத் தந்தது. அங்கே வாக்கரின் அணிக்காக மாஸ் ஓட்டியது, இரண்டு லிட்டருக்கும் குறைவான எஞ்சினைப் பின்னால் வைத்த ஒரு குட்டி கூப்பர் கார். டயர் மாற்ற நிற்கப்போவதுபோல் வாக்கரின் ஆட்கள் நடித்தார்கள். ஃபெராரிக்காரர்கள் நம்பி அவசரமில்லாமல் வந்தார்கள். மாஸ் நிற்கவே இல்லை. டயரின் ரப்பர் தேய்ந்து உள்துணி தெரிய, 2.7 விநாடி முன்னதாக முடித்தார். எஞ்சினைப் பின்னால் வைத்த கார் உலக சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றை வென்றது அதுவே முதல் முறை.

பழைய கார்பரேட்டர்:
அந்த ஓட்டத்துக்கு நானும் எழுந்து நின்று கைதட்டுவேன். பட்டம் மட்டும் ஹாத்தார்னுக்குத்தான்.

ஆல்ட்டோக்காரன்:
அதற்குப் பிறகு ஹாத்தார்ன் எத்தனை பட்டம் வென்றார்?

பழைய கார்பரேட்டர்:
ஒன்றுமில்லை தம்பி. அந்தப் பருவம் முடிந்ததும் விலகிவிட்டார். 1959 ஜனவரி 22 அன்று இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு அருகே சாதாரணச் சாலையில், சொந்த ஜாகுவாரில் போகும்போது விபத்தில் இறந்தார். வயது 29.

ஆல்ட்டோக்காரன்:
மாஸ்?

மூன்றாம் கியர்:
1962 ஏப்ரலில் இங்கிலாந்தின் குட்வுட் பந்தயத் தளத்தில் மோதி ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தார். மறு ஆண்டு காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, பழையபடி வரவில்லை என்று தானே நிறுத்திக்கொண்டார். 66 கிராண்ட் பிரீ பந்தயங்களில் 16 வெற்றி, பட்டம் இல்லை. 2020 வரை வாழ்ந்தார். கார்பரேட்டர் ஐயா, நாளை மொனாக்கோ 1961க்குத் தனி இழை தொடங்குகிறேன்; அங்கேயும் வந்து ஃபெராரிக்காகப் பேசுங்கள்.