தி எக்ஸ்பேன்ஸ்: நான்காம் எபிசோடைத் தொடலாமா, விட்டுவிடலாமா?

காரைக்குடி மாப்பிள்ளை:
நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் நானும் என் மாமனாரும் ‘தி எக்ஸ்பேன்ஸ்’ என்ற விண்வெளி அறிவியல் புனைகதைத் தொடரைப் பார்க்கத் தொடங்கினோம். மனிதர்கள் குடியேறிய செரிஸ் என்ற குறுங்கோளில் ஒரு துப்பறிவாளர், பனிக்கட்டி ஏற்றும் கப்பலில் வேலை செய்த சிலர், பூமியில் ஐக்கிய நாடுகள் சபையின் அதிகாரி அம்மாள் ஒருவர் என்று மூன்று கதைகள் தனித்தனியே நகர்கின்றனவே தவிர, மூன்று எபிசோடுகள் முடிந்தும் இவர்களுக்குள் என்ன தொடர்பு என்பது பிடிபடவில்லை. மாமனார் பாதியிலேயே எழுந்து முகப்புத் திண்ணைக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். ஆறு சீசன்கள், 62 எபிசோடுகள் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. தொடரலாமா?

கானாடுகாத்தான் வாசகர்:
நான்காம் எபிசோடைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதில் வரும் விண்வெளிச் சண்டையும் உங்களை அசைக்கவில்லை என்றால், தயங்காமல் நிறுத்திவிடலாம். துப்பறிவாளர் மில்லரும் கப்பல்காரர் ஹோல்டனும் சந்திப்பதே முதல் சீசனின் பிற்பகுதியில்தான் என்பதால், தொடர்பு தெரியவில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. ஆனால் அந்த மெதுவான எபிசோடுகள் வெறுமனே காலம் கடத்துவதில்லை. சனிக் கோளின் வளையங்களிலிருந்து பனிக்கட்டியைச் சுமந்து வந்தால்தான் செரிஸில் குடிக்கத் தண்ணீர் உண்டு, ஈர்ப்பு குறைந்த இடத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் உடலால் பூமியின் எடையைத் தாங்க முடியாது, பாதிவழி வரை வேகம் கூட்டிய கப்பல் பின்புறம் முன்னாகத் திரும்பித்தான் வேகத்தைக் குறைக்க முடியும் என்பவற்றையெல்லாம் யாரும் பாடமாக எடுக்காமல், காட்சிகளுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பின்னால் வரும் போர்களுக்கும் பேரங்களுக்கும் இவைதாம் காரணங்கள். ஓட்டுக்கூரையில் விழும் மழைநீரை வளவில் அண்டா வைத்துப் பிடித்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு, தண்ணீருக்காக அந்த மக்கள் கொள்ளும் கோபத்தை விளக்கவே தேவையில்லை. மாமனாரிடம் அந்த இழையைச் சொல்லிப் பாருங்கள்.

பள்ளத்தூரான்:
நான் உடன்படவில்லை. கதை புரியாமல் இருப்பது வேறு, அந்த மனிதர்களுக்கு என்ன ஆனாலும் நமக்குக் கவலையில்லாமல் போவது வேறு. இரண்டாவதுதான் உங்கள் நிலை என்றால் நான்காம் எபிசோடும் உதவாது. 1987இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ மூன்றாம் சீசனில்தான் களைகட்டியது என்று பலரும் சொல்வார்கள். அதில் பெரும்பாலும் ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை என்பதால், சுமாரானவற்றைத் தாண்டிச் செல்ல வழி இருந்தது. இங்கே ஒன்றைத் தாண்டினால் அடுத்தது விளங்காது. ‘போகப் போக நன்றாக இருக்கும்’ என்று பரிந்துரைப்பவர்கள் இந்த வேறுபாட்டை ஏனோ சொல்வதே இல்லை.

தேவகோட்டை ஆச்சி:
வசன வரிகளைப் போட்டுக்கொண்டு பாருங்கள், தம்பி. செரிஸ் மக்கள் பேசும் கலப்பு மொழியை நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் இத்தொடருக்காகவே உருவாக்கினார்; ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களுக்கும் அது முதலில் பிடிபடாது. 62 என்ற எண்ணையும் இப்போதே சுமக்க வேண்டாம். சைஃபை தொலைக்காட்சி 2018இல் மூன்றாம் சீசனோடு கைவிட்ட பிறகுதான் அமேசான் இதை எடுத்து நடத்தியது. அந்த மூன்றாம் சீசன் முடிவில் ஒரு பெரிய கதை நிறைவடைந்துவிடுவதால், 36 எபிசோடுகளோடு நிறுத்திக்கொண்டாலும் ஏமாற்றம் இருக்காது.

காரைக்குடி மாப்பிள்ளை:
அனைவருக்கும் நன்றி. மில்லர் என்ன ஆகிறார் என்பதில் எனக்கு அக்கறை இருக்கிறது. ஹோல்டனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. நான்காம் எபிசோடை இன்றிரவே வசன வரிகளோடு பார்க்கிறோம். சேலை உடுத்திய அந்த அதிகாரி அம்மாள் வந்தால் மட்டும் எழுப்பும்படி மாமனார் சொல்லியிருக்கிறார்.