பழைய சுண்ணாம்புச் சுவர் உப்புப் பூக்குது, பெயின்றுக்கு அடியில எந்தப் பிறைமர் நிக்கும்?

கடற்கரை ஒழுங்கை:
எங்கட வீடு வெள்ளவத்தையில, காலி வீதிக்குக் கடற்பக்கம். அம்மப்பா காலத்துச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். முன் ஹோலில நிலத்தில இருந்து இடுப்பு உயரம் மட்டும் பெயின்ற் கொப்புளிச்சு, பொருக்குப் பொருக்காய் விழுகுது. காலமை கூட்டினால் பின்னேரம் திரும்பக் கிடக்கும். போன வருஷம் வந்த மேசன் பாஸ் உரிஞ்ச இடமெல்லாம் சிமெந்து பூசி, அடுத்த நாளே சுவரை மட்டமாக்கிற பில்லர் பசை இழுத்து, பெயின்ற் அடிச்சிட்டுப் போயிட்டார். பத்து மாதம் தாங்கேல்லை. இப்ப அந்தச் சிமெந்துத் துண்டைச் சுத்தி வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரிப் பூத்திருக்கு. நாக்கில வைச்சுப் பார்த்தன், கரிக்குது. தீபாவளிக்கு முதல் முடிக்கோணும் எண்டு அம்மா ஒற்றைக்காலில நிக்கிறா. நல்ல பிறைமர் ஒண்டு சொல்லுங்கோ.

நாலாம் மாடி:
ஒயில் பிறைமர் ரெண்டு கோட் அடியுங்கோ அக்கா, உப்பு எட்டிப் பாக்காது. எங்கட பிளாட்டில அப்பிடித்தான்.

பழைய ஓவர்சியர்:
தம்பி, நாலாம் மாடிக்கு நிலத்து ஈரம் ஏறாது. உங்கட சுவரும் சிமெந்து. அதை இதோட சேர்க்காதேங்கோ.

பிள்ளை, பிறைமரைப் பிறகு பாப்பம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்ளே இழுக்கும், வெளியில விடும். அதுக்கு மேல சிமெந்து அப்பினால் அந்த வழி அடைபடும். வாயைப் பொத்தினால் மூக்கால வரும் எண்ட மாதிரி, ஈரம் சிமெந்தைச் சுத்திக்கொண்டு கரையால வருது. வந்து காயேக்கை உப்பை அங்கயே விட்டிட்டுப் போகுது. ஒயில் பிறைமர் அடிச்சால் அதையும் சேர்த்துத் தள்ளும்.

முதல் வெளியில போய்ப் பாருங்கோ. கூரைப் பீலி ஒழுகுதோ? வெளி நிலம் உள் நிலத்தை விட உயரமோ? அது சரிவராமல் உள்ளுக்கு ஒரு சதமும் செலவழிக்காதேங்கோ.

பிறகு சிமெந்தைச் சின்ன உளியால மெல்லக் கழட்டுங்கோ. மிச்சச் சுவரை விரல் மொளியால தட்டிக்கொண்டு போங்கோ. பொக்கெண்டு கேக்கிற இடத்துக்குச் சோக்கால வட்டம் போடுங்கோ, அதை மட்டும் எடுங்கோ. கொட்டாஞ்சேனையில ஒரு வீட்டில நான் அவசரப்பட்டு முழுச் சுவரையும் கொத்துவிச்சன். நல்லாய் இருந்த சாந்தும் போச்சு, வீட்டுக்காரரின்ர முகமும் போச்சு. உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி அள்ளி வெளியில கொட்டுங்கோ. தண்ணி விட்டுக் கழுவினால் கரைஞ்சு திரும்ப உள்ளுக்கை போகும்.

அடைக்கிறதுக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு ஆத்து மணல். கடல் மணல், கழுவினது எண்டாலும் நான் தொடமாட்டன். இடத்தை நனைச்சு, ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மேல போகாமல் வைச்சு, நாலைஞ்சு நாள் ஈரச் சாக்குத் தொங்கவிடுங்கோ. வெடிப்பெண்டால் ஸ்கிறேப்பர் மூலையால V மாதிரி அகட்டித் தூசு தட்டிப்போட்டு அடைக்கோணும். மேலால தடவினது நிக்காது.

காய்ஞ்சிட்டுதோ எண்டு அறிய ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில நாலு பக்கமும் ரேப்பால ஒட்டி ஒரு நாள் விடுங்கோ. உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் பொறுக்கோணும். ஐப்பசி, கார்த்திகையில கொழும்பில பின்னேர மழை விடாது, அதால தீபாவளியை மறந்திடுங்கோ. தை, மாசி வெயிலில பில்லரை மெல்லிசாய் இழுத்து, இரவில டோர்ச்சைச் சுவரோட சாய்ச்சுப் பிடிச்சால் மேடு பள்ளம் தெரியும், அதைத் தேயுங்கோ. சுண்ணாம்பின்ர காரத்தைத் தாங்கிற, தண்ணி கலக்கிற பிறைமரை ஒட்டுப்போட்ட இடங்களுக்கு ஒருக்கால், பிறகு சுவர் முழுக்க ஒருக்கால் அடியுங்கோ. ஒட்டுக்குப் பிறைமர் தவறினால் அந்த இடம் பெயின்றைக் குடிச்சு, மங்கல் திட்டாய்த் தெரியும்.

புறக்கோட்டைப் பக்கம்:
ஐயா சொன்னது சரி. சுண்ணாம்புக்குப் பழைய சோனகத் தெருக் கடையளில விசாரியுங்கோ. பூச்சு வேலைக்கு நீற்றினது எண்டு கேளுங்கோ, இல்லாட்டி வெத்திலைக்கோ எண்டு பார்ப்பினம். யன்னல் நிலையில பழைய எனாமல் இருந்தால் காயக் காயத் தேய்க்காதேங்கோ, ஈயம் இருக்கக்கூடும். நனைச்சுத் தேயுங்கோ, சின்னப் பிள்ளையளை அந்தப் பக்கம் விடாதேங்கோ.

கடற்கரை ஒழுங்கை:
ஐயா, வெளியில போய்ப் பார்த்தன். பீலி நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் அந்தச் சுவரோட ஒட்டின பூப்பாத்தி, உள் நிலத்தை விட ஒரு சாண் உயரம். செவ்வரத்தைக்கு அம்மா காலமையும் பின்னேரமும் ஹோஸ் பிடிச்சுத் தண்ணி விடுறா. தீபாவளிக்குப் பெயின்ற் இல்லை எண்டதை முதல் சொல்லுறதோ, செவ்வரத்தையைக் கிளப்போணும் எண்டதை முதல் சொல்லுறதோ?