கைப்பேசியை ஹெட் டிராக்கராகப் பயன்படுத்தும்போது பார்வை தானாக இடப்பக்கம் நகர்கிறது, உதவி தேவை

லாரிப்பிரியன்:
அனைவருக்கும் வணக்கம். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாட்டில் என் தலை திரும்பினால் ஓட்டுநரின் பார்வையும் திரும்ப வேண்டும் என்பதற்காக, ஆண்ட்ராய்டு கைப்பேசியை, தலையசைவை விளையாட்டுக்கு அனுப்பும் ஓபன்டிராக் மென்பொருளுடன் இணைத்திருக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. அதன்பின் நான் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பார்வை கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, கடைசியில் சாலை மறைந்து பக்கக் கண்ணாடி மட்டுமே தெரிகிறது. எல்லா அமைப்புகளையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். இன்றிரவு நண்பர்களுடன் கான்வாய் (வரிசையாகச் சேர்ந்து லாரி ஓட்டுவது) இருப்பதால் விரைவில் வழி சொல்லுங்கள்.

தென்றல்:
கைப்பேசி உங்கள் முகத்தை முன்பக்கக் கேமராவால் பார்க்கிறதா, அல்லது அதைத் தலையில் பொருத்தி சென்சார் வழியாகக் கோணத்தை அனுப்புகிறீர்களா? எங்கே பொருத்தியிருக்கிறீர்கள், எந்தச் செயலி என்பதையும் எழுதுங்கள்.

வலைப்பின்னல்:
இது வைஃபை கோளாறாகத்தான் இருக்கும். யூஎஸ்பி டெதரிங்குக்கு, அதாவது கைப்பேசியைக் கம்பி வழியே கணினியோடு இணைக்கும் முறைக்கு, மாறுங்கள். அப்போது கணினியின் ஐபி முகவரி மாறிவிடும் என்பதால் புதிய முகவரியைச் செயலியில் இட வேண்டும். போர்ட் 4242 அப்படியே இருக்கட்டும். ஃபயர்வாலிலும் ஓபன்டிராக்குக்கு அனுமதி கொடுங்கள்.

பழைய விமானி:
தம்பி, "எல்லா அமைப்புகளையும் மாற்றினேன்" என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. எதை, எவ்வளவு மாற்றினீர்கள் என்று எழுதப் பழகுங்கள். வலைப்பின்னல் சொல்வதும் அடிப்படை தெரியாத பேச்சு. ஓபன்டிராக்குக்கு யூடிபி என்ற வலைத் தொடர்பு முறை வழியே வரும் ஒவ்வொரு தரவுப் பொதியிலும் மூன்று நகர்வு, மூன்று திருப்பம் என 6 எண்கள், மொத்தம் 48 பைட் உள்ளன. அவை தலையின் அப்போதைய முழு நிலையைச் சொல்பவை. முந்தைய நிலையிலிருந்து எவ்வளவு மாறியது என்ற கணக்கு அல்ல. ஆகவே பொதிகள் தொலைந்தால் படம் வெட்டி வெட்டி நகரும். ஒரே பக்கமாக ஒதுங்காது. ஃபயர்வால் தடுத்திருந்தால் முதல் ஐந்து நிமிடமும் ஓடியிருக்காது.

மின்சுற்று:
ஓபன்டிராக்கில் அசைவைச் சீராக்கும் அக்செலா ஃபில்டரில் மென்மையைக் கூட்டிப் பாருங்கள். என் கணினியில் நடுக்கம் அதனால்தான் அடங்கியது.

லாரிப்பிரியன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். சென்சார் வழிதான், வைஃபைதான். கைப்பேசியை ஹெட்போனின் வலப்பக்கக் காதுமூடியின் மேல் ரப்பர் பேண்டால் கட்டியிருக்கிறேன்.

தென்றல்:
காதுமூடிக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் நிலைக்காந்தம் உண்டு. தலை மேலும் கீழும் அசைவதையும் பக்கவாட்டில் சாய்வதையும் கைப்பேசி புவியீர்ப்புத் திசையை வைத்துத் திருத்திக்கொள்ளும். இடவலத் திருப்பத்துக்கு அந்தத் துணை கிடையாது. திரும்பும் வேகத்தை அளக்கும் சென்சாரான கைராஸ்கோப்பில் சேரும் சிறு பிழையைத் திருத்த காந்த சென்சார் காட்டும் வடதிசை மட்டுமே இருக்கிறது. பக்கத்தில் காந்தம் இருந்தால் அந்த வடதிசையே பொய்யாகிவிடும். உங்கள் பார்வை இடப்பக்கம் மட்டும் போவதும், மேலே கீழே போகாததும் இதனோடு பொருந்துகிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பேசியை வெறும் மேசையில் பத்து நிமிடம் அசையாமல் வைத்து, ஓபன்டிராக் திரையில் இடவலத் திருப்பத்தைக் காட்டும் எண்ணைக் கவனியுங்கள். அது அப்போதே நகர்ந்தால் குறை கைராஸ்கோப்பில். நகராமல் இருந்து, ஹெட்போனை அருகில் கொண்டுவரும்போது மாறினால் குறை காந்தத்தில்.

பழைய விமானி:
கைப்பேசியைத் தலையில் கட்டுவதே தவறான வழி. மானிட்டருக்குக் கீழே நிறுத்தி முன்பக்கக் கேமராவால் முகத்தைப் பின்தொடர்ந்தால் மூன்று நகர்வு, மூன்று திருப்பம் என ஆறு அச்சும் கிடைக்கும். கண்ணாடியில் பின்வரும் வண்டியைப் பார்க்க முன்னால் சாய்வதும் விளையாட்டில் தெரியும். சென்சாரில் திருப்பங்கள் மூன்று மட்டுமே.

மின்சுற்று:
இரவில் விளக்கை அணைத்துவிட்டு விளையாடுபவர்களுக்குக் கேமரா ஒத்துவராது, ஐயா. ஒரு மணி நேரம் கேமரா ஓடினால் என் கைப்பேசி கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. லாரியில் சாலையையும் இரு கண்ணாடிகளையும் பார்க்க மூன்று அச்சு போதும்.

பழைய விமானி:
மானிட்டருக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கை முகம் நோக்கி வைத்தால் போதும். போர் விமானத்தில் பின்னால் திரும்பிப் பார்க்க ஒருமுறை தோளைச் சாய்த்தவர்கள் மூன்று அச்சு போதும் என்று சொல்லமாட்டார்கள்.

வலைப்பின்னல்:
கேட்டவர் லாரி ஓட்டுகிறார். விமானத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

லாரிப்பிரியன்:
மேசையில் பத்து நிமிடமும் ஒரு பாகைக்குள்ளேயே நின்றது. காதுமூடியை அருகில் கொண்டுவந்ததும் இருபது பாகைக்கு மேல் தாவியது. இப்போது கைப்பேசியைத் தொப்பியின் மேல் கட்டி, செயலியில் காந்த சென்சாரைச் சேர்க்காத தேர்வுக்கு மாற்றியிருக்கிறேன். கொஞ்சம் ஒதுங்கினாலும் ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் பார்வை நடுவுக்கு வந்துவிடுகிறது. தென்றலுக்கு மிக்க நன்றி. கான்வாய்க்கு நேரமாகிவிட்டது.

மின்சுற்று:
நீங்கள் பயன்படுத்தும் செயலி எது என்பதையும், அந்தத் தேர்வு எந்தப் பெயரில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். என் செயலியில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மின்சுற்று:
லாரிப்பிரியன், மூன்று நாளாகிவிட்டது. இதைப் பார்த்தால் செயலியின் பெயரை மட்டுமாவது சொல்லுங்கள்.