ஜீப்பின் அடியில் ‘டொக்’ சத்தம், அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, மஸ்கெலியாவிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது பழைய சுசுகி எஸ்ஜே413. தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் பாதையில் கல் அடிக்கிறதென்று போன மாதம் ஸ்பிரிங் மாற்றி 3 அங்குலம் உயர்த்தினேன். சத்தம் அதற்குப் பிறகுதான்.

கிளட்சை விடும்போது அடியில் ‘டொக்’. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தாலும் அதேதான். நேற்று நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்து, நியூட்ரலில் போட்டு, கீழே படுத்து, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டைக் கையால் திருப்பினேன். அதன் இரு முனை மூட்டான இரண்டு குரோஸிலும் ஆட்டம் இல்லை, பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷலில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. அப்புறம் டார்ச் அடித்தால், முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பரில் ஒன்று வெடித்து, விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருக்கிறது!

கராஜ் பாஸ் டிஃபரென்ஷலையே மாற்றச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதில் ஊளைச் சத்தம் இல்லை, ஒயிலிலும் இரும்புத்தூள் இல்லை.

முதலில் ரப்பரை மாற்றிப் பார்ப்பது சரியா? உயர்த்தியதால் ஷாஃப்டின் இரு முனைக் கோணமும் சமமில்லாமல் போயிருக்குமா, அதைச் சரிசெய்ய ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்புத் தகடு வைக்க வேண்டுமா? ஹட்டன் பக்கம் நல்ல ரப்பர் எங்கே கிடைக்கும்? அம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இதில்தான் கூட்டிப்போகிறேன், தெரிந்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.