டெக் சுவரோடு சேரும் இடத்தில் ஃப்ளாஷிங்: யாராவது செய்திருக்கிறீர்களா?

வணக்கம். கனடாவின் ஒண்டாரியோவில் எங்கள் வீட்டுப் பின்பக்க மர டெக்கை (வீட்டை ஒட்டிய திறந்த மேடை) பிரித்துப் புதிதாகப் போடுகிறேன். டெக்கைச் சுவரோடு பிணைக்கும் பழைய லெட்ஜர் பலகையைக் கழற்றிப் பார்த்தால், பின்னால் சுவர்ப்பலகை ஒரு முழ நீளத்துக்கு இற்றுப்போய், ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போகிறது. முன்பு கட்டியவர் வினைல் சைடிங் (வெளிச்சுவரை மூடும் பிளாஸ்டிக் பட்டைகள்) மேலேயே லெட்ஜரை வைத்து போல்ட் முடுக்கியிருக்கிறார், தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் ஃப்ளாஷிங் தகடு என்று ஒன்று இல்லவே இல்லை!

சரி, இற்றதை மாற்றிவிட்டேன். இனி சைடிங்கை வெட்டி, தகட்டின் மேல் விளிம்பை ஹவுஸ்ராப்புக்கு (சைடிங்குக்கு அடியில் சுவரைப் போர்த்தும் நீர்த்தடுப்பு உறை) உள்ளே செருகி, கீழ் மடிப்பு லெட்ஜரின் முகத்தில் இறங்குமாறு வைக்க வேண்டும், அதுவரை புரிகிறது. சிக்கல் கதவுக்குக் கீழேதான். வாசற்படிக்கும் லெட்ஜருக்கும் நடுவில் 2 அங்குலம்தான் இருக்கிறது, அங்கே ஹவுஸ்ராப்பும் இல்லை. தகட்டைப் படிக்கு அடியில் செருகுவதா, இல்லை ஒட்டும் மெம்பிரேன் (நீர்புகாத் தாள்) போட்டு மூடினால் போதுமா?

அப்புறம், கடையில் அலுமினியத் தகடு கொடுத்தார்கள். பதப்படுத்திய மரத்தில் இருக்கும் செம்பு அதை அரித்துவிடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கால்வனைஸ்டா (துத்தநாகம் பூசிய இரும்பு), வினைலா, எது வாங்கலாம்? குளிரில் சைடிங் சட்டென்று உடையும், அதற்குள் முடித்தாக வேண்டும். செய்தவர்கள் படம் இருந்தால் போடுங்கள்.